அப்பாவின் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

பினாங்கில் பெற்றோருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மகன்களே, மகள்களே, மருமக்களே,

உங்களில் சிலர் ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ பெற்றோருடன் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். பலருக்குக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பாலம் தாண்டி வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறீர்கள். அப்படி வரும்போதுதான் கண்ணில் படுகிறது. அம்மா சொன்னதையே சொல்கிறார். அப்பாவுக்குப் பேரன் பெயர் வாயில் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகும் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியவில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறது குடும்பத்தில் ஒரு பக்கம். "டிமென்ஷியா வந்துவிட்டது, முதியோர் இல்லம் பார்க்கலாமா" என்கிறது இன்னொரு பக்கம். ஜார்ஜ் டவுனில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் வேலைக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பக்கத்தாரிடமும் எனக்கு ஒரு கேள்விதான். அவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று யாராவது முழுதாகப் பார்த்தீர்களா?

மறதி நோய் பொய் என்று நான் சொல்லவில்லை. சுகாதார அமைச்சின் 2018 ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும். அது பெரிய எண்ணிக்கை. ஆனால் மறதிக்கான காரணங்களில் பெரும்பாலானவற்றைத் திருப்ப முடியாது. மருந்தால் வரும் மறதியைப் பல நேரம் திருப்பிவிடலாம். ஆகவே முதலில் தேட வேண்டியது அதைத்தான். நம் வீடுகளில் அதைத்தான் கடைசியில் தேடுகிறார்கள், அல்லது தேடுவதே இல்லை.

பிரிட்டோனிலிருந்து தொடங்குகிறேன். சளி, தும்மல், அரிப்பு எதுவானாலும் நம் வீடுகளில் கை போகும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை. உள்ளே இருப்பது குளோர்பெனிரமின். இரவில் தூக்கம் வரவில்லை என்றும் அதையே போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் நிறையப் பேர். மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான ஒரு வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். நரம்பு பேசுவது வேதிப்பொருள் வழியாகத்தான் என்று 1921இல் தவளை இதயங்களை வைத்துக் காட்டியவர் ஆட்டோ லோவி. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின்தான் என்று உறுதிசெய்த ஹென்றி டேலும் அவரும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள், பூட்டுத் துவாரத்தில் ஒடிந்து கிடக்கும் ஈர்க்குச்சி மாதிரி, அசிட்டைல்கோலின் போய்ச் சேர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. இளம் வயதில் அசிட்டைல்கோலின் கையிருப்பு அதிகம். மருந்தின் தாக்கம் ஒரு தூக்கத்தோடு போய்விடும். எழுபது வயதில் அந்தக் கையிருப்பே குறைவு. சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை வெளியேற்ற நாள் எடுக்கின்றன.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சிவனுக்குச் சாத்தும் ஊமத்தையை எல்லோருக்கும் தெரியும். மலாய்க்காரர்கள் அதைக் கெச்சுபோங் என்பார்கள். அதைத் தின்றவனுக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, சிறுநீர் அடைத்து, இல்லாத ஆளோடு பேச்சு நடக்கும். ஊமத்தையிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் அடைக்கிற அதே இடத்தைத்தான் பிரிட்டோனும் மெல்ல அடைக்கிறது. வேறுபாடு அளவில்தான். எனவே அம்மாவுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், குழப்பம் எல்லாம் ஒன்றாக வந்தால் தனித்தனி வைத்தியரைத் தேடி ஓடாதீர்கள். நாலுக்கும் காரணம் ஒரே மாத்திரையாக இருக்கலாம்.

இந்தக் குணம் பிரிட்டோனுக்கு மட்டும் உரியதல்ல. இருமல் மருந்தில் வரும் டைபென்ஹைட்ரமின், அரிப்புக்குத் தரும் புரோமெத்தசின், கால் எரிச்சலுக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பு வலி என்று போனால் கிளினிக்கில் கைநிறையத் தரும் அனாரெக்ஸை வெறும் வலி மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாராசிட்டமாலோடு அதில் ஆர்பினட்ரின் கலந்திருக்கிறது, அதுவும் இதே கூட்டம்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் சாமான்களைச் சொல்லாமல் விட முடியாது. 2024 டிசம்பரில் சென்னைக்கு நேர் விமானம் வந்த பிறகு பெட்டியோடு மருந்தும் தாராளமாக வருகிறது. அங்கே அவில் என்றால் வீட்டு மருந்து. உள்ளே பெனிரமின், நம் பிரிட்டோனின் உடன்பிறப்பு. பசி எடுக்க என்று கொடுக்கும் சைப்ரோஹெப்டடினும் அப்படியே. பிரிட்டோன் ஒன்று, அவில் ஒன்று, அனாரெக்ஸ் இரண்டு என்று மூன்று பெயரில் ஒரே வேலை நடக்கிறது. வயிற்றுக்குள் அது ஒன்றாகக் கூடிவிடும்.

ஆதாரம் எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சியாட்டல் பகுதியில் 65 வயதைத் தாண்டிய 3,434 பேரைச் சராசரி 7.3 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. நாளுக்கு ஒரு 4 மில்லிகிராம் குளோர்பெனிரமினுக்குச் சமமான அளவு இவ்வகை மருந்தை மூன்று ஆண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட மறதி நோய் வரும் வாய்ப்பு 54 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 4 மில்லிகிராம் என்பது ஒரே ஒரு மஞ்சள் மாத்திரை. 2019இல் பிரிட்டனில் இன்னும் பெரிய ஆய்வு: மறதி நோய் வந்த 58,769 பேர், வராத 2,25,574 பேர். அதில் மன அழுத்த மருந்து, சிறுநீர்ப்பை மருந்து, பார்க்கின்சன் மருந்து போன்றவற்றுக்குத் தொடர்பு தென்பட்டது. அலர்ஜி மருந்துக்குத் தென்படவில்லை. நோய் தலைகாட்டும் முன்பே தூக்கம் கெடும், மனம் சோரும், அதற்காகவே மருந்து எழுதப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகமும் நியாயமானது. ஆக, பிரிட்டோன் டிமென்ஷியாவை உண்டாக்கும் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் அந்தந்த நாளில் அது ஒரு பெரியவரைக் குழப்பும், தள்ளாட வைக்கும், கீழே விழ வைக்கும் என்பதில் சர்ச்சை இல்லை. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தொடங்கிய பட்டியலில், கடைசியாக 2023இல் திருத்தியபோதும், இவை அப்படியே இருக்கின்றன. அலர்ஜிக்கு மாற்று இல்லாமலா இருக்கிறது? லோரட்டடின், பெக்சோபெனடின் போன்றவை மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. கேட்டால் கிடைக்கும்.

இனி ஒரு பையைக் காட்டுகிறேன். ஒருவருடையது என்று சொல்ல முடியாது. கவுண்டரில் இதே பையைப் பல முகங்களோடு பார்த்திருக்கிறேன். ஒரு மைலோ டின், அல்லது துணிக்கடைப் பை. கவிழ்த்தால் பெரியாஸ்பத்திரி மருந்து தாள் பையில், தனியார் கிளினிக் மருந்து சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில், பாதி கிழிந்த அட்டைகள், மூடி தொலைந்த ஒரு தைலம். பொட்டலத்தின் மேல் பேனாவால் "உபாட் செல்செமா, சத்து பிஜி, தீகா காலி செஹாரி". சளி மருந்து, ஒன்று, நாளுக்கு மூன்று வேளை. மருந்தின் பெயர் இல்லை, எத்தனை நாளைக்கு என்றும் இல்லை. சளி என்றைக்கோ போய்விட்டது. "மீதி இருக்குதே, வீணாக்குவானேன்" என்று பாட்டி இன்னும் மூன்று வேளையும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அதே பையில் ஒரு மருந்துச் சங்கிலியும் இருக்கும். இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் கொடுத்தார்கள். அதனால் கால் வீங்கியது. இது மருந்தின் பக்கவிளைவு என்று எவருக்கும் தோன்றவில்லை; நீர் இறங்க ஃபுரோசமைடு எழுதினார்கள். நீர் இறங்கியது, இரவெல்லாம் கழிவறைக்கு நடை. சிறுநீர்ப்பையை அடக்க ஆக்சிபியூட்டினின் சேர்ந்தது. அதிலிருந்து பேச்சு தடுமாறியது, பெயர்கள் மறந்தன. மறதிக்கு டோனெபெசில் வந்தது. டோனெபெசில் அசிட்டைல்கோலினை அழியாமல் காக்கிறது. ஆக்சிபியூட்டினின் அதே அசிட்டைல்கோலினுக்கு வழியை அடைக்கிறது. ஒரே காலையில், ஒரே டம்ளர் தண்ணீரில், இரண்டும் உள்ளே போகின்றன. டோனெபெசில் சிறுநீர் அவசரத்தைக் கூட்டும் என்பதால் ஆக்சிபியூட்டினின் அளவும் கூடும். பவுலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1997இல் இந்தச் சங்கிலியைப் பற்றி எழுதினார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் 2005இல் கணக்கெடுத்தபோது, டோனெபெசில் வகை மருந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை மருந்தும் எழுதப்படுவது மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. இதில் எந்த மருத்துவரும் தப்பு செய்ததாகச் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த தொல்லைக்குச் சரியான மருந்தைத்தான் கொடுத்தார். முழுப் பையையும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் இனத்துக்கென்றே ஒரு கதையும் இருக்கிறது. 2019 தேசிய ஆய்வில் மலேசியாவில் இனிப்பு நீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் மட்டும் 31.4. ஆகவே நம் வீடுகளில் மெட்பார்மின் இல்லாத அலமாரி அபூர்வம். நல்ல மருந்து, மலிவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு பி12 சத்தை உறிஞ்சுவது குறையும். நெஞ்செரிச்சலுக்கு ஒமெபிரசோலும் சேர்ந்தால் இன்னும் குறையும், உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்றமிலம் வேண்டும் என்பதால். மாமிசம், முட்டை, பாலில்தான் பி12 இருக்கிறது. வயதான காலத்தில் மாமிசத்தை விட்டுவிட்ட அப்பாக்களையும், பால் சேரவில்லை என்று அதையும் விட்டுவிட்ட அம்மாக்களையும் எண்ணிப் பாருங்கள். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், எரியும், ஞாபகம் மங்கும். கால் எரிச்சல் இனிப்பு நீரால்தான் என்று முடிவு கட்டி அமிட்ரிப்டிலின் கொடுத்தால் ஞாபகம் இன்னும் மங்கும். மெட்பார்மின் எடுப்பவர்களிடம் அறிகுறி தெரிந்தால் பி12 பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022இல் அறிவுறுத்தியது. ஓர் இரத்தப் பரிசோதனை, குறைவென்றால் ஊசி. சீக்கிரம் கண்டால் ஞாபகம் தெளிய வாய்ப்புண்டு. வெகுநாள் விட்டுவிட்டால் முழுதாகத் திரும்புவதில்லை.

விரதம் பற்றியும் பேச வேண்டும். தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டோடு நாள்கணக்கில் இருக்கும் பெரியவர்கள் கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளை மட்டும் வழக்கம்போல் விழுங்குகிறார்கள். சாப்பாடு இல்லாமல் இவை வேலை செய்தால் சர்க்கரை தரைதட்டும். வியர்வை, நடுக்கம், பிறகு சம்பந்தமில்லாத பேச்சு. "சாமி வந்துவிட்டது" என்று கைகூப்பி நிற்கும் வீடும் உண்டு. சர்க்கரைத் தண்ணீர்தான் அங்கே முதலுதவி. சர்க்கரை கடுமையாக இறங்கி ஆஸ்பத்திரிவரை போனவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் கூடுதலாக வந்ததை 2009இல் கலிபோர்னிய ஆய்வு ஒன்று காட்டியது. நோன்பு மாதத்துக்கு முன் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ போய் மருந்து நேரத்தை மாற்றிக் கேட்கும் வழக்கம் நம் முஸ்லிம் சகோதரர்களிடம் இருக்கிறது. விரதத்துக்கு மாலை வாங்கும் நம்மவர்கள் ஏன் கேட்பதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தூக்க மாத்திரைக்கு வருகிறேன். வேலியம், சனாக்ஸ், ஸ்டில்நாக்ஸ். கணவர் காரியம் முடிந்த வாரத்தில் அழுகை அடங்கக் கொடுத்த மாத்திரை பல வருடம் கழித்தும் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். வேலியத்தில் இருக்கும் டயசிபம் கொழுப்பில் தங்கும் மருந்து. இளையவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகக் குறைவது, எண்பது வயதில் மூன்று நான்கு நாள் எடுக்கும். நேற்றையது தீர்வதற்குள் இன்றையது சேர்கிறது. அது டிமென்ஷியாவைக் கொண்டுவருமா என்பதில் ஆய்வுகள் இரண்டுபட்டுக் கிடக்கின்றன. இரவில் விழுந்து இடுப்பு உடைவதில் ஆய்வுகள் ஒன்றுபட்டு நிற்கின்றன.

இதைப் படித்த கையோடு மருந்தையெல்லாம் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். எனக்கு உண்மையான பயம் அதுதான். பல மாதம் எடுத்த தூக்க மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் சொல்படி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். கொலஸ்ட்ரால் மருந்தான ஸ்டேட்டின் மறதி தரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு மூலம், 2012இல் அமெரிக்க மருந்துத் துறை மருந்தின் குறிப்பில் சேர்த்த ஒரு வரி. அதன் பிறகு வந்த சோதனைகளில் அந்தப் பயத்துக்கு வலு கிடைக்கவில்லை. மாறாக, தடுக்கக்கூடிய மறதிக் காரணங்கள் என்று 2024இல் லான்செட் குழு சொன்ன 14இல் இரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் கெட்ட கொலஸ்ட்ராலும் இருக்கின்றன. அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் மருந்து மூளைக்குக் காவல். கொதிப்பு மருந்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தால் மட்டும், திடீர்க் குழப்பம் வரும்போது இரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

திடீர் என்ற சொல்லைக் கவனியுங்கள். மறதி நோய் மாதங்களில், வருடங்களில் ஊர்ந்து வருவது. போன வாரம் தெளிவாக இருந்தவர் இந்த வாரம் குழம்பினால், இடையில் என்ன மருந்து சேர்ந்தது, எது நின்றது, காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ உண்டா என்று பாருங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், பையோடு.

இதை நம் ஊரில் எழுத வேண்டியிருப்பதுதான் எனக்கு உறுத்தல். மலேசியாவில் பல்கலைக்கழக மருந்தியல் படிப்பு தொடங்கியது இங்கே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், 1972இல். நாட்டின் நச்சுத் தகவல் மையமும் அதே வளாகத்தில்தான். மருந்து வணிகத்தைக் கேள்வி கேட்கும் உலக அமைப்பு ஒன்று 1981இல் ஜெனீவாவில் உருவானபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பினாங்கிலிருந்து இயங்கிய அன்வர் ஃபாசல். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், தமிழ்நாட்டிலிருந்து சிறு வயதில் வந்த தமிழர். வாங்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லியே ஆயுளைக் கழித்தார். அவர் ஊரில் இருந்துகொண்டு பொட்டலத்தில் பெயர் எழுதித் தரும்படி கேட்க நாம் கூச்சப்படுகிறோம். "டாக்டர் கோபித்துக்கொள்வார்" என்கிறார்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

சரி, வேலைக்கு வாருங்கள். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். அம்மாவின் கைப்பை, தலையணை அடி, சாமி அறை அலமாரி எதையும் விடாதீர்கள். கண் சொட்டு மருந்து, சத்து மாத்திரை, சீனமருந்து, நாட்டுமருந்து எல்லாம் சேரட்டும். நாட்டுமருந்துப் பெட்டியில் 'மால்' என்று தொடங்கிக் கடைசியில் 'டி' எழுத்தோடு முடியும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அதைத் தனியாகக் காட்டுங்கள். மூட்டுவலி ஒரே நாளில் பறந்துவிடும் என்று விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சில நேரம் குளோர்பெனிரமினும் ஒளித்துக் கலந்திருப்பதை நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்குப் புத்தியையும் தடுமாற வைக்கும்.

அந்தப் பையை மருந்தாளர் ஒருவர் முன்னால் கொட்டுங்கள். அரசாங்க கிளினிக்கிலோ, ஆஸ்பத்திரி மருந்தகத்திலோ, அஞ்சடி ஓரத்துப் பார்மசியிலோ, எங்கே வேண்டுமானாலும். இது எதற்கு, இன்னும் தேவையா, இதில் ஞாபகத்தை மங்க வைப்பது எது என்று கேளுங்கள். அவர் குறித்துத் தருவதை மருந்து எழுதிய டாக்டரிடம் கொண்டுபோங்கள்; நிறுத்துவதும் குறைப்பதும் அவர் கையில். ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், எது எதனால் என்று அப்போதுதான் தெரியும். மாற்றிய தேதியைக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். சில மருந்துகளில் ஒரு வாரத்திலேயே முகம் தெளியும், சிலவற்றில் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒன்றும் மாறாது. மாறாவிட்டால் நினைவுப் பரிசோதனைக்குத் தாராளமாகப் போங்கள். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு போகிறீர்கள்.

பெரியவரையும் கூடவே அழைத்துப் போங்கள். தன் மருந்தைப் பற்றித் தனக்குத் தெரியாமல் பிள்ளைகள் பேசுவதை எந்த அப்பாவும் விரும்பமாட்டார். இரவில் எதை, எத்தனை போட்டுக்கொள்கிறார் என்பதும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். திங்கட்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள், எல்லாக் கவுண்டரிலும் கூட்டம் நெட்டித்தள்ளும். வார நடுவில் மதியம் மூன்று மணிக்கு மேல் என்றால் உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பார்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து
ஓய்வு பெற்ற ஒரு மருந்தாளர்